துண்டுக்கடியில் பேசிய மூன்று மா

எங்கள் அப்பா தியாகராசன் கீழ்வேளூர்ப் பக்கம் மாட்டுத் தரகர். விலையை வாயால் சொல்லவே மாட்டார். கைமேல் துண்டைப் போட்டு, அதற்கடியில் விலைக்குத் தக்கபடி விரலைப் பிடிப்பார். விற்கிறவனுக்கு ஒரு கணக்கு, வாங்குகிறவனுக்கு ஒரு கணக்கு. இரண்டு பேருமே தான்தான் ஜெயித்ததாகச் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

வாதம் வந்து அவருக்குப் பேச்சு நின்றுபோனது. வலது கை மட்டும் பிழைத்தது. அம்மா முன்பே போய்விட்டாள். மிச்சம், அவர் சம்பாதித்த ஒரு ஏக்கர் வயல். எங்கள் ஊர்க் கணக்கில் மூன்று மா. உயில் கிடையாது. பிள்ளைகள் மூவர்: செழியன் அண்ணன், நான், தங்கை ஜெயபாரதி.

ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது, ஜன்னல் வழியே வயலைப் பார்த்தபடி என் கைமேல் துண்டை இழுத்துப் போட்டார். இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினார். இரண்டு மா எனக்கு!

எழுதி வாங்கியிருக்கலாம். ஆனால் உயில் என்று வாயைத் திறந்தால் மற்ற இரண்டு பேரும் விழித்துக்கொள்வார்களே. கமுக்கமாக இருந்துவிட்டேன்.

மறுநாள் பார்த்தால், அதே துண்டு ஜெயபாரதி கைமேல். நேரே போய்க் கேட்டேன்.

"என்ன பாப்பா, துண்டுக்குள்ள என்ன ரகசியம்?"

"ஒண்ணுமில்லண்ணே. அப்பாவுக்குக் கை குளிருதாம்."

சித்திரை வெயிலில் குளிராம்!

அவள் இளநீர் கொண்டுவந்தால் நான் நுங்கு கொண்டுவந்தேன். அண்ணன் மயிலாடுதுறையிலிருந்து தண்ணீர் மெத்தையே வாங்கி வந்துவிட்டான். அப்பா ராஜாவாகப் படுத்திருந்து, ஆடி பிறந்ததும் கண்ணை மூடினார்.

கருமாதி முடிந்ததும் நான்தான் ஆரம்பித்தேன். "அப்பா எனக்கு ரெண்டு மா பேசிட்டாருண்ணே."

அண்ணன் முழித்தான். "டேய், ரெண்டு எனக்குல்ல சொன்னாரு?"

"எனக்கும் ரெண்டுதான்," என்றாள் தங்கை.

மூன்று மா நிலத்துக்கு ஆறு மா பேச்சு!

மூவரும் போய்க் கேட்டதும் வக்கீல் சிரித்துவிட்டார். "விரல் பேச்சு சந்தையோட சரிங்க, கோர்ட்டுல செல்லாது. உயில் இல்லன்னா ஆணுக்கும் பொண்ணுக்கும் சமம். ஆளுக்கு ஒரு மா."

சாகிறபோதும் தரகு பார்த்துவிட்டார் மனிதர்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜெயபாரதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புடிச்ச விரல அவரு விடவே இல்லண்ணே. தூங்குற வரைக்கும் புடிச்சுக்கிட்டே இருந்தாரு."

நிலத்தில் சமம். இதில் மட்டும் அவளுக்குக் கூடுதல். அன்று என் விரலை நான்தான் வெடுக்கென்று உருவிக்கொண்டேன், வாசலில் அண்ணன் செருப்புச் சத்தம் கேட்டதென்று.