சிவப்பு முத்திரை

நான்காவது இசைத்தட்டும் உடைந்து திரும்பி வந்த அன்று, என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு சீட்டை நீட்டினார். பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்திருக்கும் பேக்கிங் கடையின் சீட்டு.

"திங்கக்கிழமையிலேர்ந்து கட்டுற வேலைய இவங்ககிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன்," என்றார்.

என்னிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் கேட்க வேண்டிய ஆள் எனக்குப் பின்னால், கட்டும் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய தங்கை, என் நாத்தனார். இந்த வீட்டில் எந்தக் கசப்பான செய்தியும் என் காது வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போகும். எனக்கு அது அறவே பிடிக்காது.

எங்கள் கடை என்பது எங்கள் வீட்டின் முன்னறைதான். பழைய இசைத்தட்டுகளை வாங்கிச் சுத்தம் செய்து, கேட்பவர்களுக்குத் தபாலில் அனுப்புகிறோம். கழுவித் துடைத்துத் தரம் பிரிப்பது நான். ஓடவிட்டுக் கேட்பது அவர். கட்டுவது நாத்தனார். கட்டியதைத் தபால் அலுவலகத்துக்குத் தூக்கிப் போவது மறுபடியும் நான். நாத்தனார் முன்பு அட்டைப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவள். போன வருஷம் அங்கே இருந்த வெட்டும் மெஷின் அவளுடைய வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. காயம் ஆறியதும் எங்களிடம் வந்தாள். வந்த முதல் வாரமே நான் கட்டிவைத்த பெட்டி ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது பெட்டியா அண்ணி, துணிமூட்டையா?" என்று கேட்டாள். அன்றைக்கே மேஜையைத் தனதாக்கிக்கொண்டாள். அதற்கு ஐந்து மாதம் ஆகிறது.

ஐந்து மாதத்தில் நான்கு உடைந்துவிட்டன. அதற்கு முன் நான் கட்டிய துணிமூட்டைகளில் ஒன்றுகூட உடைந்ததில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"நேரா சொல்லு அண்ணா," என்றாள் நாத்தனார். "கை சரியில்லன்னு சொல்லு."

"நான் அப்படிச் சொல்லலையே."

"சீட்டு சொல்லுது."

அவர் உள்ளே போய்விட்டார்.

திரும்பி வந்த நான்காவது தட்டு ஓய்வுபெற்ற ஒரு ரயில் ஓட்டுநருக்கு அனுப்பியது. பெட்டி, அட்டை, உறை, உடைந்த தட்டு எல்லாவற்றையும் அப்படியே அடுக்கித் திருப்பி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கடிதம். 'இரண்டாம் பக்கம் கடைசிப் பாட்டில் பின்வரிசையில் பாடும் பெண்களில் ஒருத்தி என் மனைவி. அவள் போய் ஒன்பது வருடம் ஆகிறது. இந்தத் தட்டைப் பதினோரு வருடமாகத் தேடினேன். உடைந்ததை வீட்டில் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.' ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன்.

தபால் அலுவலகத்துக்கு நாங்கள் எழுதிய புகாருக்கும் அதே தபாலில் பதில் வந்திருந்தது. ஒரே வரி: 'பொருள் போதிய பாதுகாப்பின்றிக் கட்டப்பட்டிருந்தது.' அதைப் படித்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. நாத்தனார் எப்படிக் கட்டுவாள் என்று எனக்குத் தெரியும். தட்டை மேலுறையிலிருந்து வெளியே எடுத்துவிடுவாள், இல்லையென்றால் குலுங்கும்போது தட்டின் விளிம்பே உறையைக் கிழித்துவிடும். இரண்டு பக்கமும் நெளி அட்டை வைப்பாள். ஓர் அட்டையில் நெளிவு நெடுக்காக ஓடினால் அடுத்ததில் குறுக்காக ஓட வேண்டும். எல்லாம் முடிந்ததும் பெட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்குவாள். சின்னச் சத்தம் கேட்டாலும் பிரித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அன்று மத்தியானம் அவள் உடைந்த நான்கையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது போய்வந்த பெட்டி.

"அண்ணி, இங்க வாங்க. விளிம்புலேர்ந்து எவ்வளவு தூரத்துல உடைஞ்சிருக்கு பாருங்க."

பார்த்தேன். நான்கு விரல் தள்ளி, நேர்க்கோடாக, ஒரு துண்டு தனியாக வந்திருந்தது. நான்கு தட்டிலும் அப்படியே.

"கட்டினது சரியில்லன்னா ஒண்ணு மூலையில அடிபடும், ஒண்ணு நடுவுல விரியும். நாலும் பேசி வச்ச மாதிரி ஒரே இடத்துல உடையுமா?" பெட்டியின் மூடியைத் திருப்பிக் காட்டினாள். "இந்தச் சிவப்பு முத்திரை எங்க இருக்கு பாருங்க."

'கவனம். உடையும் பொருள்' என்ற பெரிய முத்திரை, நான்கு பெட்டியிலும் ஒரே ஓரமாக, விரிசலுக்கு நேர் மேலே குத்தப்பட்டிருந்தது. மை பெட்டிக்குள் ஊறும் அளவுக்கு, ஒரே இடத்தில் இரண்டு முறை ஓங்கிக் குத்தியிருந்தார்கள்.

"உடையும்னு குத்திக் குத்தியே உடைச்சிருக்காங்க," என்றாள். முதல்முறையாக அவள் குரலில் சிரிப்பு வந்தது. "யார் அண்ணி இத குத்தச் சொன்னது?"

குத்தச் சொன்னது நான்.

அவள் கட்டிய முதல் பார்சலைக் கொண்டுபோன அன்று, கவுண்டர்காரரிடம் குனிந்து, "இதுல உடையும்னு முத்திரை போட்டுடுங்க, நல்லா அழுத்தி, தெளிவா தெரியணும்," என்று சொன்னேன். நான் கட்டியவற்றுக்கு ஒருநாளும் கேட்டதில்லை. டேப்பை அவள் பல்லால் கடித்து அறுப்பதைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அவளிடம் சொன்னால் மனசு நோகும் என்று அவளுக்குத் தெரியாமல் செய்தேன். அதன்பிறகு அது பழக்கமாகிவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் கவுண்டர்காரரே முத்திரையைக் கையில் எடுத்துவிடுவார்.

"யாராவது சொல்லியிருப்பாங்க," என்றேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அன்றைக்கு நான் கழுவ வேண்டிய தட்டுகளை எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் காலையில் இருவரும் கிளம்பினோம். "அவங்ககிட்ட போய் வாயைக் குடுத்து மாட்டிக்காதீங்க," என்றார் வீட்டுக்காரர். கீறல் விழுந்து எதற்கும் ஆகாத இரண்டு தட்டுகளை நாத்தனார் எப்போதும்போலக் கட்டி எடுத்துக்கொண்டாள்.

புகார்ப் பிரிவு அதிகாரி எங்கள் கடிதத்தைப் பார்த்தார், அப்புறம் அவள் கையைப் பார்த்தார், அப்புறம் கடிதத்துக்கே திரும்பினார். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். அவளும் கவனித்தாள்.

"கட்டுறதுல கொஞ்சம் கவனம் எடுத்துக்கணும்மா. நாங்க என்ன செய்ய முடியும்?"

நான் பொரிந்து தள்ள வாயெடுத்தேன். நாத்தனார் என் முழங்கையைத் தொட்டாள். முதல் பார்சலைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டாள். ஹாலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

"எவ்வளவு நேரம் நிக்கணும் சார்?"

"கீழ இறங்குங்கம்மா," என்றார் அதிகாரி.

இறங்கிப் பிரித்துக் காட்டினாள். தட்டில் பழைய கீறல்களைத் தவிர ஒன்றும் இல்லை.

"இப்ப இன்னொண்ணு. இத வழக்கமா பண்ற மாதிரி உங்க ஆளையே பண்ணச் சொல்லுங்க."

அதிகாரி எழுந்து எங்களோடு கவுண்டருக்கு வந்தார். கவுண்டர்காரர் என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் சிரித்தார். பார்சலை எடை மெஷின்மேல் வைத்தார். மெஷினின் தட்டு ஒரு சாண் அகலம்தான், மேஜையிலிருந்து உயர்ந்து நிற்கும். பார்சல் இரண்டு பக்கமும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. எடை எழுதினார். பார்சலைக் கீழே இறக்காமல், நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தில், இரும்புப் பிடி போட்ட முத்திரையை ஓங்கி ஒரு குத்து, மை சரியாகப் பதியவில்லை என்று இன்னொரு குத்து. இரண்டாவது குத்தில் உள்ளே 'டக்' என்றது. எங்கள் நான்கு பேருக்கும் கேட்டது.

நாத்தனார் பிரித்தாள். நான்கு விரல், நேர்க்கோடு.

அதிகாரியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கவுண்டர்காரர் பக்கம் திரும்பினார். "கேக்காம இந்த முத்திரைய போடக் கூடாதே. யார் கேட்டது?"

கவுண்டர்காரர் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். நல்ல மனுஷன். "எல்லாரும் கேக்கறதுதான் சார்," என்று இழுத்தார். அவர் வேலைக்கே ஆபத்து வரலாம், அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படியே பூசி மெழுகிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நாத்தனார் ஜெயித்தாயிற்று, மேஜை அவளுக்குத்தான். ஆனால் ஐந்து மாதமாக அவள் தலையில் கட்டியிருந்த பழி என்னுடையது. அதை இன்னொருவர் தலைக்கு மாற்றிவிட்டு நான் எப்படிச் சாப்பிட உட்கார்வது?

"நான்தான் கேட்டேன்," என்றேன். "அழுத்திக் குத்துங்கன்னு சொன்னதும் நான்தான்."

நாத்தனார் திரும்பினாள். "என்னிக்குலேர்ந்து அண்ணி?"

"நீ கட்ட ஆரம்பிச்ச அன்னிலேர்ந்து."

"எதுக்கு?"

சொல்ல ஆயிரம் சப்பைக்கட்டு இருந்தது. "உன் கைய நம்பல," என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அதிகாரியிடம் திரும்பிய அவள் குரலில் நடுக்கமும் இல்லை.

"கேட்டது எங்க அண்ணி. உடைச்சது உங்க மேஜை. கட்டினது நான். என் பங்குல என்ன குறைன்னு எழுதிக் குடுங்க சார்."

"நஷ்டஈட்டுக்கு ஒரு படிவம் இருக்கும்மா, அத..."

"படிவம் வேண்டாம். நீங்கதானே கட்டினது சரியில்லன்னு ஒரு வரி எழுதினீங்க? இன்னொரு வரி எழுதுங்க."

ஒற்றைக்காலில் நின்றாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கடைசியில் அவர் எழுதினார்: 'பரிசோதித்ததில், கட்டியதில் எந்தக் குறையும் இல்லை.' கையெழுத்துப் போட்டுவிட்டு அலுவலக முத்திரையைக் கையில் எடுத்தார்.

"மெதுவா சார்," என்றாள் நாத்தனார்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் பூ வைப்பதுபோல வைத்து எடுத்தார்.

வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதையும் அவள்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் அந்தத் தாளை அண்ணன் முன்னால் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். "முத்திரை போடச் சொன்னது யாரு?" என்று கேட்டார். "நான்," என்றேன். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் நாத்தனார் ரயில் ஓட்டுநரின் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். பெரிய துண்டை மட்டும்.

"இத ஓட்டு அண்ணா."

"உடைஞ்ச தட்டையா? ஊசி போயிடும்."

"போனா போகட்டும். ரெண்டாம் பக்கம் கடைசிப் பாட்டுன்னுதானே எழுதியிருக்கார்? கடைசிப் பாட்டு நடுவோரமா இருக்கும். உடைஞ்சது நாலு விரல். விரிசல் அங்க வரைக்கும் போகல."

இத்தனை நாள் தட்டுகளைக் கழுவுகிற எனக்கு அது தோன்றவில்லை. ஓடவிட்டுக் கேட்கிற அவருக்கும் தோன்றவில்லை. உடைந்தது என்றதும் எல்லாரும் கைகழுவிவிட்டோம்.

அவர் தட்டைப் பொருத்தி, நடுவில் ஒரு சின்ன எடையை வைத்து, ஊசியை உள்பக்கமாக மெல்ல இறக்கினார். ஒரு பக்கம் இல்லாத தட்டு, சுற்றும்போது லேசாகத் தள்ளாடியது. கொஞ்ச நேரம் கரகரப்பு. அப்புறம் பாட்டு வந்தது, ஒரு தடங்கல் இல்லாமல், முழுசாக. முன்னால் பாடுகிறவர் நிறுத்தும் இடங்களில் பின்னாலிருந்து நான்கைந்து பெண்குரல்கள் எழுந்தன. அதில் எது அந்த அம்மாவின் குரல் என்று எங்களுக்குத் தெரியாது. ரயில் ஓட்டுநருக்குத் தெரியும்.

பாட்டு முடிந்ததும் வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து பேக்கிங் கடைச் சீட்டை எடுத்து, நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். தங்கையிடம் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

நாத்தனார் புதுப் பெட்டி ஒன்று செய்தாள். அட்டைகளை நெடுக்கும் குறுக்குமாக அடுக்கினாள். உடைந்த ஓரம் காலியாக இருக்கக் கூடாது என்று அந்த அளவுக்கு அட்டை வெட்டி நிரப்பினாள். ஆனால் மூடவில்லை. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, மூடலையா?" என்றேன்.

"அவருக்கு ஒரு லெட்டர் வைக்கணும். நீங்க எழுதுங்க." அன்றைக்கு அலுவலகத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. "அங்க சொன்னத எழுதுங்க."

எழுத உட்கார்ந்தேன். முதல் வரிக்கே அரை மணி நேரம் ஆனது. அவள் அவசரப்படுத்தவில்லை, எழுந்து போகவும் இல்லை. 'ஐயா, உங்கள் இசைத்தட்டு உடைந்ததற்குக் காரணம் நான். கட்டியவள் அல்ல. கடைசிப் பாட்டு உடையவில்லை. ஊசியை உள்பக்கம் வைத்துக் கேளுங்கள்.'

வாங்கிப் படித்தாள். மடித்து உள்ளே வைத்தாள். மூடியை அழுத்தி, டேப்பை ஒட்டி, பல்லால் கடித்து அறுத்தாள். காதோரம் வைத்துக் குலுக்கினாள். பிறகு பேனாவை மூன்று விரலால் இறுக்கிப் பிடித்து, பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'இதன்மேல் முத்திரை குத்தக் கூடாது.'

வழக்கம்போல நான் கையை நீட்டினேன். அவள் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"இனிமே நானே கொண்டு போறேன் அண்ணி," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.