மரத்தூளுக்கு அடியில்

எனக்கு மன்னிக்கத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை.

காய்ச்சல் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கினால் கல்லீரல் ஓரிரு நாளில் செத்துப்போகும். கல்லீரலை வளரத் தூண்டும் ஒரு புரதத்தை, வளர்ச்சிக் காரணி என்போம், முன்கூட்டியே ஊசியில் ஏற்றினால் எலிகள் அந்த விஷத்தையும் தாங்கிப் பிழைக்கின்றன. இதைக் கண்டுபிடித்தவள் நான். கட்டுரை வெளிவந்தபோது என் பெயரைக் காணோம். பேராசிரியர் பெயரும் அவருடைய மருமகன் பெயரும் இருந்தன. கேட்டதற்கு, "நீ எலியப் பாத்துக்கிட்டவதானம்மா" என்றார். அன்றே அந்த ஆய்விலிருந்தும் என்னைக் கறிவேப்பிலையாய்த் தூக்கிப் போட்டு, அதே ஆய்வகத்தில் வேறொரு மேஜைக்குத் தள்ளினார்கள்.

மருந்தை மனிதர்களிடம் சோதிக்கலாமா என்று முடிவு செய்ய நிபுணர் குழு வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்ட மருமகன் ஆய்வைத் திரும்பச் செய்தார். பாதி எலிகளுக்கு மருந்தும் விஷமும். மீதிக்கு வெறும் விஷம். அதற்கு முந்தின இரவு எலிகள் பட்டினி கிடக்க வேண்டும். வயிறு நிறைந்த எலியின் கல்லீரல் அந்த அளவு விஷத்தைத் தானே முறித்துவிடும். மருமகன் தீவனப் பெட்டியைக் காலி செய்தார், அது சரி. கூண்டில் பரப்பிய பழைய மரத்தூளை மாற்றவில்லை. எலி பலே திருடன். தீவனத்தைக் கொறித்துத் தூளுக்கு அடியில் பதுக்கிவைக்கும். பல ஆய்வுகள் வீணான பிறகுதான் எனக்கே அது பிடிபட்டது.

பக்கத்து மேஜையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போது மருமகன் தான் குடித்த காபிக் கோப்பையை நீட்டி, கழுவி வைக்கச் சொன்னார். கழுவி வைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

குழு வந்தது. மருந்து போட்ட எலிகள் ஓடி விளையாடின. போடாத எலிகளும் ஓடி விளையாடின. ஒன்று பேராசிரியரைப் பார்த்தபடி சாவகாசமாய் மீசையைத் துடைத்துக்கொண்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அப்படியொரு ஆனந்தம்.

மருந்தால் ஒரு வித்தியாசமும் இல்லையே, இதை இத்தோடு மூடிவிடலாம் என்று குழுத் தலைவி எழுந்துகொண்டார். மூடினால் போவது என் மருந்து. விடுவேனா? ஒரு கூண்டைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தேன்.

"மருந்து நல்ல மருந்துதாங்க. இந்த ஆய்வுலதான் ஒரு தப்பு நடந்திருக்கு. அது இந்தக் கூண்டுக்குள்ளயே கெடக்கு. மருந்தக் கண்டுபிடிச்சவங்களுக்குப் பாத்ததும் தெரியும்." பேராசிரியர் பக்கம் திரும்பினேன். "சார், நீங்களே சொல்லிடுங்களேன்."

அவர் கூண்டை முன்னும் பின்னும் திருப்பினார். தண்ணீர்ப் புட்டியைத் தட்டிப் பார்த்தார். மருமகன் தரையைப் பார்த்தார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

கடைசியில் தலைவி கூண்டைப் பேராசிரியர் கையிலிருந்து வாங்கி என் முன்னால் வைத்தார்.