மாமாவின் கரண்டும் என் மடியில் தீப்பெட்டியும்

1
தீப்பெட்டி எடுத்துவரச் சொல்லி அனுப்பினார்கள். எடுத்துவிட்டேன். ஆனால் கொடுக்கப் போகாமல், வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். இந்தக் கதை பிறந்த விதம் இவ்வளவுதான்.

2
'ஜவ்வாது மலைமேல் பொன்னிறக் கதிர்கள்…' இந்த வரியை அடித்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

வேறு தொடக்கம்: அம்மாவின் தம்பி குமரேசன் மாமா, எங்கோ குப்பையை எரித்துக் கரண்ட் எடுப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். வீடு வீடாகப் போய் ஷாம்பு பாக்கெட், பால் கவர், அறுந்த செருப்பு எல்லாம் சேர்த்துத் தார் டிரம்மில் அடைத்தார். மேலே தண்ணீர்ப் பானை. ஆவியில் சுற்ற ஒரு பழைய ஃபேன். அதில் ஒரு பல்பு. சாமை தூற்றும் பாறையில்தான் காற்று நன்றாக வரும் என்று டிரம்மை அங்கே வைத்திருக்கிறார்.

அதே பாறையில்தான் எங்கள் புளி காய்கிறது. வருஷத்துக்கு எங்களுக்கு அது ஒன்றுதான் வருமானம். அதை வாங்க ஒடுகத்தூர் சத்தார் பாய் இன்று வண்டியோடு வருகிறார்.

3
(இப்படியும் ஒரு மாமா இருப்பாரா என்பீர்கள். எனக்கும் அதே சந்தேகம்தான்.) போன வாரம் சோதனைக்கு ஒரு கூடை எரித்தார். பல்பு எரியவில்லை. புகை போய்ப் பக்கத்து வீட்டுத் தேவி அக்காவின் புளியில் உட்கார்ந்தது*. சத்தார் பாய் மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, புளில செருப்பு வாசன வருது? இத்த ரசம் வச்சா வாசல்லயே கயட்டி வுட்டுட்டு வரணும் போல."

வண்டி காலியாகத் திரும்பியது.

"அது டெஸ்டிங்குதான்க்கா," என்றார் மாமா தேவி அக்காவிடம். "ஒரிஜினல் இனிமேதான்."

* பெரிய ஆலைகளில் புகையை வடிகட்டிக் கழுவித்தான் வெளியே விடுவார்களாம். மாமா டிரம்மையே கழுவவில்லை.

4
இங்கே கதாநாயகி பாறைமேல் ஏறி, "நிறுத்துங்கள் மாமா!" என்று முழங்க வேண்டும். எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கதாநாயகி நான். நாலு பேர் முன்னால் எனக்குக் குரலே வராது. அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

"காத்து நம்ம புளி பக்கம் அடிக்குதும்மா."

"என் தம்பி ஊருக்கே வெளிச்சம் குடுக்கப் போறான். நீ புளியப் புடிச்சிக்கினு நிக்கிறியே!"

வேறு தீப்பெட்டி இல்லையா? ஊரெல்லாம் இருக்கிறது. ஆனால் முதல் நெருப்புக்கென்று அம்மா மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் வைத்தது இது ஒன்றுதான். இது வராமல் மாமா பற்றவைக்கமாட்டார்.

5
"ஏ புள்ள! தீப்பெட்டி எடுக்கப் போனியா, செய்யப் போனியா?"

மாமாதான்.

முதல் முடிவு: கொடுக்கிறேன். புகை புளியை… வேண்டாம்.

இரண்டாவது: திடீரென்று மழை. வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. அதோடு, மழை வந்தாலும் புளி போய்விடும்.

கதை முடிந்தால் எழுந்துபோய்க் கொடுத்தாக வேண்டும். அதனால் முடிக்கமாட்டேன். மலை வளைவில் சத்தார் பாய் வண்டியின் ஹாரன் கேட்டால் நீங்கள் சொல்லுங்கள். அதுவரை மாமாவின் சட்டையைப் பற்றி எழுதுகிறேன். அது நீலச் சட்டை. ஐந்து பொத்தான்கள். அவற்றுள் முதல் பொத்தான்