குதிரைகளுக்குக் கட்டிய மாளிகை

பொன்னிறம் தோய்ந்த இலைகள் ஒவ்வொன்றாய் உதிர, மழை நின்றும் நில்லாமலும் நூலிழைத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், ஈரப்பச்சை போர்த்துக் கிடந்த வின்ஸ்கோம் பண்ணையின் முகப்பிலே, வெண்கல் தூண்கள் வரிசையாய்த் தாங்க, முக்கோண முகடு நிமிர, உச்சிக் குவிமாடத்தில் மணிப்பொறி மின்ன, மன்னர் கொலுவிருக்கத் தக்க மாளிகையொன்று எழுந்து நின்றது. அறிவுசால் வாசகரே, அவசரப்பட்டுக் கைகூப்பிவிடாதீர். அது குதிரை இலாயம். பண்ணைக்கு உரியவரான ஆஸ்வின் திரெல்கெல்ட் பெருமகனார் குடியிருந்த வீடோ, பெரிய இடத்துத் திருமணத்துக்கு அழைப்பின்றி வந்த ஏழை உறவினனைப்போல், புகை கக்கும் அடுப்புகளோடும் ஒழுகும் கூரையோடும் அதன் பின்னே ஒதுங்கி நின்றது. வருவோர் கண்ணில் முதலிற் படுவது இலாயம் என்பதால், அந்நாட்டு உயர்குடியினரின் செல்வமும் முதலில் அங்கேயே சென்று சேரும்.

மணம் புரியாமலே நரைத்துவிட்ட பெருமகனார், நீண்ட மேசையின் ஒரு முனையில் அமர்ந்து, ஆளில்லா மறுமுனையை நோக்கியபடியே நாள்தோறும் உண்டு எழுவார். அயற்பண்ணைக் கைம்பெண் ஹெஸ்டர் பாம்ஃப்ரெட், தன் வீட்டை விற்றுவிட்டு, மறுநாள் வடக்கே தமையனிடம் ஒரேயடியாய்ப் போகவிருந்தாள். அவளை நிறுத்த ஒரே ஒரு சொற்றொடர் போதும். காலையில் முகம் மழிக்கையில் கண்ணாடி முன் அதைப் பிழையறப் பயின்றிருந்தார். ஆயினும் வீட்டினுள் அவர் நா எழாது. ஆகவே, நா எழும் ஒரே இடமாகிய இலாயத்துக்கு அவளை அழைத்துச் சென்றார்.

“ஏதோ பேசணும்னு ஆளனுப்பியிருந்தீங்களே, ஆஸ்வின்?”

“ஆமாங்க, அம்மணி. அது வந்து... இந்தத் தரையப் பாருங்க. குதிரை மூத்திரம் ஒரு சொட்டு தேங்காது. அப்படிச் சரிவு குடுத்திருக்கு.”

“ரொம்பக் கம்பீரமான சரிவு,” என்றாள் ஹெஸ்டர், முகம் மாறாமல்.

தூண்களின் பிறப்பிடம், வளைகூரையின் உயரம், தீவனத் தொட்டியின் கல் என்று அவர் ஒவ்வொன்றாய் விரித்துரைக்க, சாளரங்களில் ஒளி சாம்பலாகிக்கொண்டே வந்தது. அவளும் பொறுமையின் உருவாய் உடன் நடந்து, கொட்டடிகளைப் பிரிக்கும் மரத்தடுப்புகளின் மேற்புறத்து இரும்புக் கம்பிகளைத் தொட்டு நின்றாள்.

“இது எதுக்கு?”

“பக்கத்துக் குதிரை மொகம் தெரியணும்ல? தனியா அடைச்சா தீனி எடுக்காதுங்க. மரத்தக் கடிச்சிக் கடிச்சே எளச்சுப் போயிடும்.”

“குதிரைக்கு என்ன வேணும்னு இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க. மனுஷன் என்ன பண்ணுவான்?”

இதைவிட அகலமாய் எந்தப் பெண்ணும் கதவு திறந்ததில்லை. பெருமகனாரின் உதடுகள் பிரிந்தன, பயின்ற சொற்றொடர் பல்வரிசை வரையில் வந்து, வாயில் காப்போனைக் கண்டு மிரண்ட குடியானவனைப்போல் திரும்பி ஓடிற்று.

“மனுஷனுக்கு... காத்தோட்டம்தாங்க முக்கியம்,” என்று கூரைத் துளைகளைச் சுட்டினார்.

வெளியே வண்டியோட்டி ஜோப் குரல் கொடுத்தான். “அம்மா, இருட்டினா பாலத்துல சக்கரம் வழுக்கும்! ஐயா இன்னும் தூணையே முடிக்கலையாக்கும்?”

ஹெஸ்டர் வண்டிப்படியில் ஒரு காலை வைத்து, ஏறாமல் நின்றாள். “சொல்றதுக்கு இன்னும் ஏதாவது இருக்கா?”

“சேணம் வைக்கிற அறை ஒண்ணு இருக்குங்க.”

“அதையும் பாத்ததா வச்சுக்கறேன்,” என்று அவள் முறுவலித்தாள். அம்முறுவலில் சினமில்லை என்பதே அவரை வருத்திற்று. அவள் ஏற, வண்டிக்கதவு மூடிற்று, சக்கரங்கள் சேற்றில் நெடுங்கோடிழுத்துச் சென்றன.

அவர் உள்ளே திரும்பி, யாருமற்ற அந்த மண்டபத்தின் நடுவில் நின்று, “ஹெஸ்டர், எங்கூடவே இருந்துடுங்களேன்,” என்றார். தடுமாற்றமின்றி, ஒரு சொல்லும் பிசகாமல் வந்தது. பெரும்பொருள் கொட்டிக் கட்டிய வளைகூரை, அதை ஓர் எழுத்தும் சிந்தாமல் அவரிடமே திருப்பித் தந்தது. கிழட்டுச் சாம்பற்குதிரையொன்று தலை தூக்கிப் பார்த்து, அதில் தனக்குத் தீனி ஏதுமில்லை எனக் கண்டு, மீண்டும் தொட்டிக்குள் முகம் புதைத்தது.

ஊர் வியக்கக் கல்லை அடுக்குவது எளிது, வாசகரே. பொருளிருந்தால் போதும், கொத்தர் பார்த்துக்கொள்வர். வண்டியேறும் ஒருத்தியை நிறுத்தும் சொல்லை மட்டும் எவரைக் கொண்டும் கட்டுவிக்க இயலாது. அதை அவரவர் வாயால், அவரவர் நடுக்கத்தோடு, அவள் ஏறாமல் நிற்கும்போதே சொல்லியாக வேண்டும்.