மூன்றாவது எல்லைக்கல்

எங்கள் ஊருக்கு மேலே, வயல்களின் கடைசிச் சுவர் முடிந்து மேட்டுவெளி தொடங்கும் இடத்தில் ஹாக் எண்ட் பண்ணை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக லெனர்ட் ஹோல்ராய்டின் குடும்பம் இருக்கும் வீடு. 1807 பனிக்காலத்தில் ஏமஸ் பெல் என்ற துணி வியாபாரி முதுகில் மூட்டையோடு அந்த வழியாக வந்தான், கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, யாரும் திறக்காமல் வாசலிலேயே விறைத்துச் செத்தான் என்பது ஊர்க்கதை. பள்ளிக்கூடத்தில் லெனர்டை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'திறக்காதவன்' என்போம். அவன் வகுப்புக்குள் நுழைந்தால் எல்லோரும் மேசையைத் தட்டுவோம். அதைத் தொடங்கி வைத்தவள் நான்.

பிறகு முப்பத்தொரு வருடம் அந்தப் பண்ணைக்குத் தபால் கொண்டுபோனேன். கேட்டருகே வந்து வாங்கிக்கொள்வான். மழையைப் பற்றி இரண்டு வார்த்தை, அவ்வளவுதான்.

ஓய்வு பெற்றபின் ஊர் வரலாற்றுக் குழுவில் சேர்ந்தேன். ஏமஸ் பெல்லுக்கு ஒரு நினைவுப் பலகை வைக்கலாம் என்று பேச்சு வந்தது. விவரம் தேட என்னை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். மரண விசாரணைக் காகிதம் இரண்டே பக்கம். அதில் பண்ணையின் பெயரும் இல்லை, குடும்பத்தின் பெயரும் இல்லை. தேவாலயத்திலிருந்து மேட்டின் விளிம்போடு போனால் மூன்றாவது எல்லைக்கல்லுக்குப் பக்கத்து வீடு என்று மட்டும் இருந்தது. இப்போதைய தேவாலயத்திலிருந்து எண்ணினால் அது ஹாக் எண்ட்தான். ஆனால் இந்தத் தேவாலயம் கட்டியது 1840இல். பழையது ஒன்றரை மைல் கிழக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அங்கிருந்து கற்களை எண்ண வேண்டுமானால் லெனர்டின் மேய்ச்சல் நிலத்தில்தான் நடக்க வேண்டும். அனுமதி கேட்டேன். எதற்கு என்றான், சொன்னேன். பிறகு, தனியாகப் போனால் சதுப்பில் இடுப்பளவு இறங்கிவிடுவேன் என்று சொல்லித் தானும் தடியை எடுத்துக்கொண்டான்.

ஏப்ரல் மாதம். வடக்குச் சரிவில் இன்னும் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் கல்லை ஹெதர் புதர் மூடியிருந்தது. லெனர்ட் தடியால் குத்திக்கொண்டே போய்க் கண்டுபிடித்தான். இரண்டாவது கல் அதன் இடத்தில் இல்லை. அவனுடைய தாத்தா அதைப் பிடுங்கிக் கேட்டுக்குத் தூணாக நட்டுவிட்டாராம். குழியை மட்டும் காட்டினான், தண்ணீர் நின்றது. மூன்றாவதைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. கூரை போய், முழங்கால் உயரத்துக்குச் சுவர் மிஞ்சிய ஒரு வீட்டின் பக்கத்தில் நேராக நின்றது.

“அப்பர் ஸ்லாக். யார் வீடுன்னு உனக்குத் தெரியுமில்ல, ஹில்டா?” என்றான்.

தெரியும். என் அம்மா வழி ஆட்கள் ஐந்து தலைமுறை இருந்த வீடு.

அவன் இடிந்த சுவரில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி நிதானமாகக் குடித்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன்.

“அப்ப அறுபது வருஷமா உங்க வீட்டுக் கதவத்தான் சுமந்துக்கிட்டு இருந்திருக்கேன்,” என்றான். கோப்பையை உதறிவிட்டு எழுந்தான். “வெளிய சொல்லணும்னு ஒண்ணும் இல்ல. எனக்குப் பழகிடுச்சு. உனக்குப் பழக்கமில்ல.”

இரண்டு மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை. குழுவில் கேட்டபோது காகிதம் தெளிவாக இல்லை என்று மழுப்பினேன். அந்தப் பொய்தான் என்னை உறுத்தியது. ஜூன் கூட்டத்தில் எழுந்து, கற்களை எண்ணிய கணக்கையும், அது யார் வீடு என்பதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். லெனர்ட் வரவில்லை.

அடுத்த வாரம் இறைச்சிக் கடையில் வரிசையில் நின்றேன். கடைக்காரர் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே, “ஹில்டாம்மா, இனிமே உங்க வீட்டுக்கு டெலிவரிக்கு வந்தா பையன கம்பளி போத்திக்கிட்டு வரச் சொல்லணுமா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, இருட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவைக்கே இப்படி இருந்தது.

மறுநாள் மேலே ஏறினேன். சரிந்த சுவரை லெனர்ட் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“மேசையத் தட்ட ஆரம்பிச்சது நான்தான். தெரியுமா?”

“தெரியும்.”

“மன்னிச்சுக்க, லெனர்ட்.”

அவன் ஒரு கல்லை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, வைத்தான். சரியாக உட்காரவில்லை. எடுத்து வேறொன்றை வைத்தான். பிறகு, அந்தக் காகிதத்தில் வேறு என்னதான் இருக்கிறது என்று கேட்டான். நகல் என் பையில் இருந்தது. உதடு அசையப் படித்தான். கணவன் சந்தைக்குப் போயிருந்ததும், நான்கு குழந்தைகள் காய்ச்சலில் கிடந்ததும் அதில் உண்டு. கடைசியில் அந்த வீட்டுப் பெண் சொன்னது: தட்டுவது கேட்டது, காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்,” என்று லெனர்ட் மறுபடி படித்தான். “பாவம், உள்ள இருந்தவளும்.”

பலகையில் வீட்டின் பெயரைப் போட வேண்டும் என்று குழுவில் இரண்டு பேர் பிடிவாதமாக இருப்பதைச் சொன்னேன். பெயர் வேண்டாம், அவள் சொன்ன இந்த வரியைப் போடுங்கள் என்றான். குழுவில் நான் சொன்னதற்காக அல்ல, லெனர்ட் கேட்டுக்கொண்டான் என்பதால்தான் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

அக்டோபரில் அவனுடைய டிராக்டரில் பலகையும் சிமென்டும் மூன்றாவது கல்லுக்கு ஏறின. ஏமஸ் பெல்லின் பெயர், வருடம், கீழே அந்த ஒரு வரி. நட்டு முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டு சிமென்ட் கரைந்துவிட்டது. வியாழக்கிழமை மறுபடியும் போனோம்.