கழுவாத கை

தண்ணீர் ஊற்ற ஊற்ற, வலக்கையின் கரி மட்டும் போகவில்லை.

வாசலில் போட்டிருந்த பலகையின் மேல் தீர்த்தகிரி கிடந்தான். நெற்றிக் காயத்தை ஒரு துண்டு மூடியிருந்தது. அவன் கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மனைவி மாணிக்கம்மாள். பக்கத்து வீட்டுச் செல்லி மூன்றாவது குடத்தைச் சரித்தாள்.

"உசுரோட இருந்தப்பகூட இம்மாந் தண்ணி பாத்திருக்க மாட்டான்டி ஒம் புருசன்," என்றாள் செல்லி. சொன்ன வாய் உடனே கோணிக்கொண்டு அழுதது.

மாணிக்கம்மாள் அழவில்லை. வெடிமருந்துக் கரி வெறும் தண்ணீருக்கு மசியாது; புளிக்குத்தான் மசியும். இந்த மலையில் அதை அவளைவிட அறிந்தவர் இல்லை. ஆறு ஆண்டுகளாக அதுவே அவள் வேலை. அடிவாரத்து அரிசி மில் முதலாளி கோபால்சாமி மாதந்தோறும் ஜீப்பில் ஏறி வந்து பன்றி வேட்டை ஆடுவார். சுட்டு முடிந்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் எல்லாம் ஒரு காக்கிப் பையில் அவள் வீட்டுக்கு வந்துவிடும். புளித் தண்ணீரில் ஊறவைத்து, சாம்பலால் தேய்த்து, குச்சியில் துணி சுற்றி உட்புறம் துடைத்து, வெயிலில் காயவைப்பாள். பளபளப்பு வந்த பிறகுதான் பழுது கண்ணுக்குத் தெரியும். நூலிழை போல விரிசல் ஓடிய கூட்டின் அடியில் ஆணியால் ஒரு பெருக்கல் குறி கீறி, உடைந்த சட்டியில் எறிந்துவிடுவாள். மற்றவை மீண்டும் மருந்தும் ஈய ரவையும் அடைக்கப்பட மில்லுக்கு இறங்கிப் போகும். தங்கம்போல் மின்னும் கூடுகள் கீழே இறங்கின. அவற்றைத் தங்கமாக்கிய கைகளுக்குப் பன்றியின் குடல்தான் மேலே ஏறி வந்தது. இறைச்சி உண்டவர் வேறு. காடு காட்டியவன் வேறு. துப்பாக்கிக்கு உரிமம் பெற்றவர் ஒருவர். அதைத் தோளில் வைத்துச் சுடப் பணிக்கப்பட்டவன் இன்னொருவன்.

இன்று விடியற்காலையில் சாமைக் கொல்லையில் அந்தத் துப்பாக்கி முன்பக்கம் சுடவில்லை. பின்பக்கம் வெடித்தது. தீர்த்தகிரியின் தம்பி வீரன் அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு ஏற்றம் ஏறி வந்தான். வந்ததும், எப்போதும் போல, காக்கிப் பையை உள்ளே முளையில் மாட்டினான்.

ஜீப் வந்து நின்றது. வெள்ளைச் சட்டையோடு இறங்கிய கோபால்சாமி ஊராரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பாறை வழுக்கி வுழுந்துட்டான். யார் கேட்டாலும் இதான், ஸ்டேஷன்ல கேட்டாலும் இதான். பொழுது ஏர்றதுக்குள்ள அடக்கம் பண்ணிடுங்க."

பிறகு மாணிக்கம்மாளின் அருகே குனிந்தார். குரல் தாழ்ந்தது.

"கூட்டக் கழுவுனது யாரு? நீ தான? ஒழுங்கா பாக்காம வுட்டுட்ட, வெடிச்சிடிச்சி. கேஸுன்னு போனா மொத பேரு உம் பேருதான். ஒனக்காகத்தாம்மா நான் மறைக்கிறேன். அந்தக் கரிய மொதல்ல எடு. புளி போட்டுத் தேய், ஒனக்குத் தெரியாததா? அப்படியே அந்தப் பையையும் எடுத்தா."

மாணிக்கம்மாள் எழுந்தாள். எந்தக் கூடு? எந்த வெயிலில், எந்தப் பொழுதில், எந்த விரிசலை இந்தக் கண்கள் பார்க்கத் தவறின? தன் விரல்கள் துலக்கிய பித்தளையா தன் புருஷனைத் தின்றது?

உள்ளே போய்ப் பையைத் தரையில் கொட்டினாள். கூடுகள் உருண்டன. ஒன்று மட்டும் உருளவில்லை. வெயிலில் வெடித்த அவரைக்காய் போல அதன் விலா பிளந்திருந்தது. அதை எடுத்துப் புளிச்சட்டியில் முக்கினாள். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள். கரி விலகியது. மஞ்சள் தெரிந்தது. மஞ்சளின் நடுவே அவளுடைய ஆணி கீறிய பெருக்கல் குறி தெரிந்தது.

பின்வாசலில் நிழல் விழுந்தது. வீரன்.

"இது சட்டியில கெடந்ததுடா," என்றாள். "எப்படிப் போச்சு?"

வீரன் சுவரைப் பார்த்தபடி நின்றான். "போன சந்தையன்னிக்கி, ஒண்ணு கொறையுதுன்னு மொதலாளி கத்துனாரு அண்ணி. சட்டியில கெடக்கறத எடுத்தாடான்னாரு. அண்ணி குறி போட்டு ஒதுக்கி வெச்சிருக்குதுங்கன்னு சொன்னேன். 'அவ இன்னா துப்பாக்கிக்கு டாக்டரா? இன்னும் ஒரு தபா தாங்கும்'னாரு."

"ஒங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணி. மொதலாளியே தோட்டாவ உள்ள போட்டுத்தான் கையில குடுத்தாரு. அண்ணன் தொறந்துகூடப் பாக்கல."

வெளியே செல்லி மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. மாணிக்கம்மாள் வீரனின் தோள்துண்டை இழுத்து, அதன் முனையில் கூட்டை வைத்து இரண்டு முடிச்சுப் போட்டாள்.

"ஜமுனாமரத்தூர் பஸ்ஸு எப்ப?"

"பத்தரைக்கு. எதுக்கு அண்ணி?"

"ஸ்டேஷனுக்குப் போ. குறியக் காட்டு. யார் போட்டதுன்னா நான் போட்டேன்னு சொல்லு. இப்ப எங்கிட்ட சொன்னத அங்கயும் சொல்லு."

"எடுத்துக் குடுத்தது நான்தான அண்ணி. என்னயும் புடிச்சி உக்கார வெச்சிடுவாங்க."

"அதயுந்தான் சொல்லு."

அவன் துண்டின் முடிச்சைத் தடவிப் பார்த்தான்.

"மொதலாளி சும்மா வுடுவாரா அண்ணி?"

"ஒங்கண்ணனத் தூக்கினு ஏறி வந்தியே," என்றாள் அவள், "அத்தவிடவா கஷ்டம்?"

வீரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பின்வாசல் வழியே இறங்கினான். சாமைக் கதிர்கள் அவன் இடுப்புவரை மறைத்தன. பிறகு முழுவதும் மறைத்தன.

மற்றக் கூடுகளைப் பையில் அள்ளிப் போட்டு, புளிச்சட்டியோடு வெளியே கொண்டுவந்தாள். கோபால்சாமி பையை வாங்கி ஜீப்பின் பின்னிருக்கையில் எறிந்தார். திறந்து பார்க்கவில்லை. அழுக்காக இருக்கும்போது அந்தப் பையை அவர் ஒருநாளும் திறந்ததில்லை.

"நல்லாத் தேய்," என்றார்.

மாணிக்கம்மாள் பலகையருகே உட்கார்ந்தாள். புளிச்சட்டியை இரு கைகளாலும் தூக்கினாள். தூக்கி, மண்ணில் கவிழ்த்தாள். ஈரம் பரவி அவர் செருப்பைத் தொட்டது.

"இன்னா பண்ற நீ?"

அவள் நிமிரவில்லை. "போதும் செல்லியக்கா. இதுக்கு மேல கழுவ வாணாம். வேட்டியப் போத்து."

செல்லி அவளையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். வெள்ளை வேட்டியை விரித்துக் கழுத்துவரை போர்த்தினாள். கீழ் வளைவில் பேருந்தின் ஒலிப்பான் இருமுறை கேட்டது; யாரையோ ஏற்றிக்கொள்ள வண்டி நின்றது, மறுபடி புறப்பட்டது.

மாணிக்கம்மாள் வேட்டிக்குள் கைவிட்டு, கணவனின் வலக்கையை வெளியே எடுத்தாள். எல்லோரும் பார்க்கும்படி வெள்ளையின் மேல் மல்லாத்தி வைத்தாள். விரல்நுனிகளில் திரண்ட நீர், கரியைக் கரைக்காமல், தெளிவாகவே சொட்டிக்கொண்டிருந்தது.