இரண்டாவது பத்திக்கு வாங்க

"மரணம் என்பது மண்ணில் பிறந்த ஒவ்வொருவரும் ஒருநாள் சந்தித்தே ஆக வேண்டிய..." என்று மகன் வாசித்துக்கொண்டிருந்தபோதே அவன் அப்பா, பழைய பஸ் டிரைவர், கையை நீட்டி அந்தத் தாளின் மேல்பகுதியை மூடினார். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போய் அங்கே உட்கார்ந்துவிட்டது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. கீழ இருந்து படி."

மகன் அந்தக் கையைப் பார்த்தான். வருடக்கணக்காக ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. விடிந்ததிலிருந்து அவன் அடித்தும் திருத்தியும் எழுதிய வரிகள் எல்லாம் அதற்கடியில் இருந்தன.

"அம்மா மாதிரியே பண்றீங்க" என்றான்.

அம்மா முந்தின நாள் காலையில் இறந்துபோயிருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் வண்டி வந்துவிடும். கடைசியாக அவளை வைக்கப்போகும் மயானக் கூடத்தில் குடும்பத்தில் ஒருவர் நாலு வார்த்தை பேச வேண்டும். மகன் காப்பீட்டு அலுவலகத்தில் கிளை மேலாளர், மேடையேறிப் பழகியவன். அதனால் அந்தப் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. மேடைப் பழக்கமே வினையாகவும் போயிற்று.

ஏனென்றால் அவள் போகும் முன் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டிருந்தாள். போன மாதம், தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு, கணவரிடம் சிரிக்காமல் சொன்னாள். "என் பக்கத்துல நின்னுக்கிட்டு எவனாவது 'பிறப்பும் இறப்பும்'னு ஆரம்பிச்சான்னா, எழுந்து உக்காந்துடுவேன். சொல்லிட்டேன். நீங்கதான் பாத்துக்கணும்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"எனக்கென்ன தெரியும்? கையால மூடுங்க."

அவள் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தவள். பிள்ளைகள் தாளைக் கொண்டுவந்து நீட்டினால், முதல் பத்தியை உள்ளங்கையால் மூடிவிட்டு மிச்சத்தைப் படிப்பாள். மிச்சம் தானாகவே புரிந்துவிட்டால் கையை எடுக்காமல் கேட்பாள்: "இதுக்கு அடியில இருக்கறதை யாருக்காக எழுதின?" சைக்கிளைப் பற்றி எழுதச் சொன்னால் ஒருவன் ஆதிமனிதன் குகையில் வாழ்ந்ததிலிருந்து பிடித்திருந்தான். "உன் சைக்கிள் எங்கடா? குகைக்குள்ளயே நிக்குதா? வெளிய எடுத்துட்டு வா" என்று அவனைத் திருப்பி அனுப்பினாள். கடைசிப் பத்தியில் அவன் தங்கையைப் பின்னால் உட்காரவைத்துப் போகும்போது செயின் கழன்ற கதை கிடந்தது. அதை முதலில் கொண்டுவந்து வைக்கச் செய்து, அன்று மாலை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். அவள் கையை எடுத்துவிடுகிற முதல் பத்தி எப்போதாவதுதான் வரும். வந்த நாளில் சாப்பாட்டைக்கூட மறந்து அதைப் பற்றியே பேசுவாள்.

பிள்ளைகள் அவளுக்கு 'உள்ளங்கை டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது தெரிந்தும் தெரியாதவள் மாதிரி இருந்தாள். உள்ளுக்குள் ஏகப் பெருமை.

டிரைவருக்கு அவள் அறிமுகமானதே இந்த முன்னுரை வியாதியால்தான். அந்தக் காலத்தில் அவர் ஓட்டிய பஸ் ஒருநாள் தாமதமாக வந்தது. கட்டுரைக் கட்டோடு நிறுத்தத்தில் காய்ந்துகொண்டிருந்த அந்தப் புது டீச்சர் ஏறும்போதே, "ஏன் இவ்வளவு லேட்?" என்று கேட்டாள். அவர் வண்டியைக் கிளப்பாமல் பதில் சொல்ல ஆரம்பித்தார். டிப்போவில் பின் டயர் காற்று இறங்கிக் கிடந்தது, டயரை மாற்ற மெக்கானிக் வரவில்லை, மெக்கானிக்கின் மச்சானுக்குக் கல்யாணம்... அங்கேதான் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "இரண்டாவது பத்திக்கு வாங்க."

பஸ்ஸே சிரித்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் வண்டி நேரத்துக்கு வந்தது. அவள் ஒன்றும் கேட்காமல் ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்கு மறுநாள் அவர் வேண்டுமென்றே தாமதமாக வந்தார்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவர் திருந்தவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்பதைச் சொல்லக்கூடக் கடைக்காரரின் தாத்தா காலத்திலிருந்து புறப்படுவார். அடுக்களையிலிருந்து "இரண்டாவது பத்திக்கு வாங்க" என்று குரல் வரும். அது வந்தால்தான் அவருக்குப் பேசிய மாதிரியே இருக்கும். அவர்கள் சந்தித்த கதையையும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். ஒவ்வொரு தடவையும் மெக்கானிக்கின் மச்சானிடம் வரும்போது அவள் குறுக்கே பாய்ந்து மிச்சத்தைத் தானே சொல்லி முடித்துவிடுவாள்.

இப்போது அவர் கை தாளின் மேல் இருந்தது. மகன் இரண்டாவது பத்தியைப் படித்தான். "அன்னை என்பவள் அன்பின் வடிவம்." கை கீழே இறங்கியது. அதற்கடுத்ததில் ஆசிரியப் பணியின் மகத்துவம் இருந்தது. கை இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"எல்லாத்தையும் மூடிட்டா என்னத்தப்பா பேசறது?"

"கடைசில என்ன எழுதியிருக்க?"

மகன் தயங்கினான். அது சேர்க்கலாமா வேண்டாமா என்று அடித்து, மறுபடி எழுதியிருந்த வரி. "நான் எப்போது வீட்டைவிட்டுக் கிளம்பினாலும், அம்மா என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று..."

அதற்கு மேல் அவனால் படிக்க முடியவில்லை. பேனாவின் மூடியைத் திருகிப் பார்க்கிற அந்த விரல்கள் அவன் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றிருக்க வேண்டும். இத்தனை பெரிய ஆள், மேசையில் தலை கவிழ்த்துச் சின்னப் பிள்ளையாக அழுதான். டிரைவர் தாளின் மேலிருந்த கையை எடுத்து அவன் முதுகில் வைத்தார்.

"இதான்டா ஆரம்பம். இதைச் சொல்லு போதும்."

"என்னால முடியாதுப்பா. நீங்களே பேசிடுங்க."

இஸ்திரி போட்ட சட்டையோடு உள்ளே வந்த மருமகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாமாவா?"

"ஏம்மா, நான் பேசக் கூடாதா?"

"ஐயோ, அதுக்கில்ல மாமா. கூடத்தை நமக்கு அரை மணி நேரம்தான் குடுத்திருக்காங்க. நமக்கப்புறம் வேற குடும்பம் காத்துட்டு இருக்கும். நீங்க..." வாக்கியத்தை முடிக்காமல் சட்டையை நீட்டினாள். அவள் மரியாதை தெரிந்த பெண்.

கூடத்தில் மின்விசிறிகள் சத்தம் போட்டுச் சுற்றின. டீச்சர் நீலச் சேலையில் படுத்திருந்தாள். பழைய தலைமையாசிரியை முன்வரிசையில் இருந்தார். அவருக்குப் பின்னால் தலை நரைத்த மாணவர்கள். டிரைவர்தான் பேசப்போகிறார் என்றதும் அத்தனை பேரும் நாற்காலியில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தார்கள். நீண்ட பயணம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர் எழுந்து நின்றார். சொல்லத்தான் எவ்வளவு இருந்தது. வாயைத் திறந்தால் வண்டி நேராக டிப்போவுக்குத்தான் போகும் என்று அவருக்கே பயம். அவளைப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்துவிட்டால் தேவலையே என்று ஒரு கணம் ஆசை வந்தது. அதற்காகவே 'பிறப்பும் இறப்பும்' என்று ஆரம்பித்துப் பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு வலது கையை மார்போடு அழுத்தி வைத்துக்கொண்டார்.

"நேத்துக் காலைல, டீ ஆறிப்போச்சு, சுட வெச்சுக் குடுங்கன்னா. சுட வெச்சு எடுத்துட்டு வந்தேன். வாங்கிக்க அவ இல்ல."

அவள் பக்கம் திரும்பினார்.

"கீழ கொட்ட மனசு வரல. நானே குடிச்சேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். இன்னும் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை என்று புரிந்தபோது தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைக்கத் தொடங்கினார். மருமகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கைவசம் நிறைய நேரம் இருந்தது. அந்த நேரத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் கூட்டம் வடிந்திருந்தது. டீச்சரின் தங்கை தொலைதூரத்திலிருந்து போன் செய்தாள். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்ததால் அவளால் வர முடியவில்லை. முதலில் அழுதாள். அவரும் அழுதார். பிறகு அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்:

"அக்காவைப் பத்தி ஏதாவது பேசுங்க அத்தான். எதுவா இருந்தாலும் சரி. ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

அவரிடம் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுச் சாய்ந்துகொண்டார்.

"அன்னிக்குக் காலைல டிப்போவுல பின் டயர் ஒண்ணு காத்து இறங்கிக் கிடந்துச்சு" என்று ஆரம்பித்தார். கிடந்த டயரைப் பற்றி விரிவாகவே சொன்னார். டயரை மாற்ற மெக்கானிக் வராததைச் சொன்னார். மெக்கானிக்கின் மச்சானுக்குக் கல்யாணம் என்றார்.

சொல்லிவிட்டு நிறுத்தினார்.

அடுக்களையில் மகன் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். குழாய்ச் சத்தம் நின்றது. டிரைவர் போனைக் காதில் வைத்தபடியே அடுக்களை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம், சொல்லுங்க அத்தான்" என்றாள் அவள். "கல்யாணத்துல என்ன ஆச்சு?"

"கல்யாணத்துல..." என்றார்.

அந்தக் கல்யாணத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கதையில் அதற்கு மேல் அவர் ஒருமுறைகூடப் போனதில்லை.